வலது பக்கம் தெரியவில்லை

அந்த டாக்டரம்மாவிடம் வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட நேராகப் பதில் வராது. "நான் வரும்போது பெஞ்சுது அண்ணாச்சி. இப்ப பாக்கலை" என்பார். சாரல் தகரத்தில் தட்டுவது எனக்கும் கேட்கும், அவருக்கும் கேட்கும். ஆனாலும் பார்க்கவில்லை அல்லவா, அதனால் சொல்ல மாட்டார். முதல் ஒரு மாதம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. இப்போது அப்படிப் பதில் சொல்ல இங்கே ஆளில்லை.

தென்காசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற ஸ்கேன் சென்டரில் அவர் ஸ்கேன் பார்க்கிற டாக்டர், நான் ரிப்போர்ட் அடிக்கிறவன். அதற்கு முன்னால் பல வருடம் பத்திர ஆபீஸ் வாசலில் மனு அடித்துக்கொண்டிருந்தேன். "மேற்படி நபர், மேற்படி சொத்து" என்று அடித்துப் பழகிய விரல்களுக்குக் கல்லீரலும் கணையமும் பெரிய கஷ்டமாக இல்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவருக்கு முப்பத்தைந்து முப்பத்தாறு இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம். ஒல்லியான உடம்பு, ஏசி குளிருக்கு எந்நேரமும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். வீட்டுக்காரர் துபாயில். அவர் நல்லா இருக்காரா என்று ரிசப்ஷனில் இருந்த பெண் ஒருநாள் விசாரித்தபோது, "ஃபோன்ல நல்லா இருக்காரு" என்றார். கிண்டலில்லை. ஃபோனில் கேட்டது அவ்வளவுதான் என்று அர்த்தம்.

எங்களுக்கு எதிரே இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து இருதய டாக்டர் அவரிடம் சில நோயாளிகளை அனுப்புவார். நாலு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள், ஸ்டென்ட் வைத்த பிறகும் திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறவர்கள். இவர்களுக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கு இடுப்பில் எதற்கு ஸ்கேன் என்று வருகிறவர்கள் எல்லோருமே கேட்பார்கள். டாக்டரம்மா ஜெல்லியை முதலில் தன் புறங்கையில் தேய்த்துச் சூடு பார்த்துக்கொண்டே விளக்குவார்.

"இருதயக் குழாயில கொழுப்பு அடைச்சிருக்குல்லா? அதே கொழுப்பு சிறுநீரகத்துக்குப் போற குழாயிலயும் அடைக்கும். மேல மடைய ஒருத்தன் பாதி அடைச்சு வச்சிருக்கான்னு வைங்க. கீழ வயல்காரனுக்குத் தண்ணி வரல. என்ன செய்வான்? சத்தம் போடுவான். அந்தச் சத்தம்தான் உங்க பிரஷர்."

"அப்ப மடையத் தொறந்து விடுங்க டாக்டரம்மா" என்றார் ஒரு விவசாயி.

"தொறக்கது திருநெல்வேலியில. எந்த மடைன்னு பாத்துச் சொல்லுதது மட்டும்தான் என் வேலை."

இன்னொன்றையும் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கக் குழாய் மட்டும் சுருங்கியிருந்தால் மறுபக்கம் சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சுருங்கிக் கிடக்கிற ஆளுக்கு, இருதயத்துக்கு நல்லது செய்கிற ஒரு வகை பிரஷர் மாத்திரையே எமனாகிவிடும். சிறுநீரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற கொஞ்ச ஓட்டத்தையும் அது கெடுத்துவிடும். அதனால் அவர் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஆளை எழுப்ப மாட்டார். ஒரு ஆளுக்கு அரை மணி, சில சமயம் முக்கால் மணி. வெளியே பெஞ்சில் கூட்டம் முணுமுணுக்கும். ஓனர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். தின்றுவிட்டு வந்தால் குடலில் காற்று நின்று குழாயை மறைத்துவிடும். நம் ஊர்க்காரர்களிடம் வெறும் வயிறு என்றால், காப்பி கணக்கில் வராது, வாழைப்பழம் கணக்கில் வராது. சீசன் சமயத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒருவர் வந்து, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். அறை முழுக்கக் கோழிக் குழம்பு மணத்தது. டாக்டரம்மா சொன்னார்: "நீங்க தின்னத நான் பாக்கலை அண்ணாச்சி. ஆனா உங்க வலது பக்கத்தையும் பாக்க முடியலை. நாளைக்கு வாங்க." ரிப்போர்ட்டிலும் அப்படியே அடிக்கச் சொன்னார். வலது பக்கம் தெரியவில்லை. வேறு இடங்களில் இப்படி எழுத மாட்டார்கள். தெரியாவிட்டால் நார்மல் என்று போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வரியும் முன்கூட்டியே அடித்து வைக்கக் கூடாது என்பது எனக்கு அவர் போட்ட சட்டம். கம்ப்யூட்டரில் நார்மல் ரிப்போர்ட் ஒன்று தயாராக இருந்தால், மாறுவதை மட்டும் திருத்தினால் போதும், வேலை பாதியாகும். வந்த புதிதில் நான் அப்படித்தான் செய்தேன். அவர் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னார். "வெத்துப் பேப்பர்ல ஆரம்பிங்க அண்ணாச்சி. நார்மலை அழிக்க மறந்துட்டா ஆளு போச்சு." அடித்து முடித்ததும் தன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் இடது, வலது என்று தமிழில் எழுதியிருப்பார்.

அந்தக் குணத்தால் பிழைத்தவர்கள் உண்டு. செங்கோட்டைப் பக்கத்து டீச்சர் ஒருவர், ஐந்து மாத்திரை தின்றும் பிரஷர் இறங்காமல், எல்லாம் மனக்கவலை என்று மகள் வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவர். இரண்டு முறை வரவழைத்து, மூன்றாம் முறைதான் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது, இடது பக்கம் முக்கால்வாசி அடைப்பு. திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்து வந்த பிறகு அந்த டீச்சர் ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு வந்து, "நான் பைத்தியம் இல்லன்னு நீங்கதான் சொன்னிய" என்று அழுதார்.

அதே குணம் கல்லாகவும் இருந்தது. என் மனைவிக்கு ஒருமுறை வயிற்று வலி வந்து அவரிடம்தான் ஸ்கேன் பார்த்தோம். "ஒண்ணும் இல்லல்லா டாக்டர்?" என்று நானே கேட்டேன். கூட வேலை பார்க்கிறவன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "நான் பாத்த இடத்துல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார். என் மனைவி ஒரு வாரம் தூங்கவில்லை. அவ பாக்காத இடம் எதுங்க, அவ பாக்காத இடம் எதுங்க என்று என் உயிரை வாங்கினாள். நான் டாக்டரம்மாவோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் உள்ளே எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

ஆடிச் சாரலில் ஓனருக்கு ஒரு யோசனை வந்தது. குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, இருதய நோயாளிகளுக்குச் சிறுநீரகக் குழாய் பார்க்கும் முகாம். சுற்றுப்பட்டியில் ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர் எல்லோரும் வரலாம். முப்பது டோக்கன். டாக்டரம்மா மறுத்தார். "எல்லாருக்கும் இது தேவையில்ல சார். தேவையானவங்களுக்கு அரை மணி வேணும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல என்னால பாக்க முடியாது." ஓனர் சிரித்துக்கொண்டே, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்றார்.

முப்பது பேருக்கு வெறும் பேப்பரில் ஆரம்பித்து அடிக்க வேண்டுமே என்று எனக்குப் பகீர் என்றது. முதல் நாள் சாயங்காலமே, இரண்டு பக்கமும் நார்மல் என்று ஒரு ரிப்போர்ட்டை அடித்துக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் எட்டு மணிக்கே கூட்டம். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து ஜமுக்காளம் நனைந்துவிட்டது. ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த வயசாளிகள் பத்து மணிக்கெல்லாம் முனக ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டாம் டோக்கன் சுரண்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர். அறுபத்தெட்டு வயது, வெங்காயம் பயிர் செய்கிறவர், சுகரும் உண்டு. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம். கூட மனைவியும் போலீஸில் ஏட்டாக இருக்கிற மகனும். சாப்பிட்டீங்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

இடது பக்கம் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. வலது பக்கம் எவ்வளவு அழுத்திப் பார்த்தும், திருப்பிப் போட்டுப் பார்த்தும் காற்றுதான். "வலது தெரியலை அண்ணாச்சி. அப்படியே போடுங்க" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டு, "ஐயா, திங்கக்கிழமை காலையில வெறும் வயித்தோட தென்காசிக்கு வாங்க. இன்னொரு தடவை பாத்தாகணும்" என்று அவரிடமும் சொன்னார். நான் இடது பக்க வரியைத் திருத்தினேன். அந்த நேரம் கரண்ட் போய், ஜெனரேட்டர்காரனைத் தேடி ஓனர் சத்தம் போட, யாரோ ஒரு பாட்டி மயங்கி விழ, வலது பக்க வரியைத் திருத்த மறந்துவிட்டேன்.

நாலு மணிக்கு ரிப்போர்ட் கட்டு அவர் முன்னால் போனது. மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி மேனேஜர் நிற்கிறார், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஜனம் மேஜையைச் சுற்றி நிற்கிறது. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். விரல் வைத்து வாசிக்கவில்லை. நான் பார்த்தவரை அந்த ஒருநாள்தான்.

பெரியவர் திங்கட்கிழமை வரவில்லை. மகன் பேப்பரை வாசித்துவிட்டு, "வலது நார்மல்னுதான் போட்டிருக்கு. பெறகு எதுக்குப்பா திரும்ப அலையுதது?" என்று சொல்லிவிட்டான். வாயால் சொன்னதைவிட எழுத்துக்குத்தானே மதிப்பு. நானும் பத்திர ஆபீஸ் வாசலில் அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் ஆஸ்பத்திரியில் இருதய டாக்டர் அதே பேப்பரைப் பார்த்தார். ஒரு பக்கம்தான் சுருக்கம், மறுபக்கம் நல்லா இருக்கிறது. அந்த வகை மாத்திரையை ஆரம்பித்தார். பத்து நாளில் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். வெங்காயம் நடுகிற நேரம், பேப்பரும் நல்லபடியாக இருக்கிறது, அதற்கும் போகவில்லை. கால் வீங்கி, சிறுநீர் நின்று, மூச்சிரைத்துத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு பக்கக் குழாயும் சுருங்கியிருந்தன என்று அங்கே கண்டுபிடித்தார்கள். மாத்திரையை நிறுத்தியும் திரும்பவில்லை. டயாலிசிஸ்.

இருதய டாக்டர் ஃபோன் செய்த அன்று டாக்டரம்மா நோட்டையும் ரிப்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நோட்டில் அவர் கையெழுத்தில், "வலது தெரியலை. திங்கள் வரணும்." பேப்பரில் நார்மல். முன்னாலேயே அடித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஏசுவார், ஓனரிடம் சொல்வார், வேலை போகும் என்று நினைத்தேன்.

"கீழ இருக்கிற கையெழுத்து யாரது?" என்றார்.

"உங்களது, டாக்டர்."

"நீங்க அடிச்சத நான் பாக்கலை. நான் வாசிக்காம கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். நான் அதைத்தான் சொல்ல முடியும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவதில் பிரயோஜனமில்லை.

ஓனர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டைப்பிங் தப்பு என்று ஒரு கடிதம் எழுதி ஃபைலில் வைப்போம், அவர்களாக வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், நாமே போய்த் தலையைக் கொடுப்பானேன் என்றார். டாக்டரம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுரண்டைக்குக் கிளம்பினார். முகாமில் விலாசம் எழுதி வாங்கியது நான் என்பதால் என்னையும் அழைத்தார். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர், பாதி வழியில் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "என் பங்கை நான் சொல்லுவேன். உங்க பங்கை நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குள்ளது." நான் சரி என்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

பெரியவரை வாசல் பக்கம் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் டயாலிசிஸ் குழாய்க்குக் கட்டு. ஆள் பாதியாகியிருந்தார். டாக்டரம்மா நின்றபடியே சொன்னார்: "ஐயா, உங்க வலது பக்கம் அன்னைக்கு எனக்குத் தெரியல. பேப்பர்ல நல்லா இருக்குன்னு வந்துட்டு. நான் வாசிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். வாசிச்சிருந்தா உங்களுக்கு அந்த மாத்திரை வந்திருக்காது."

பெரியவர்தான் முதலில் பேசினார். "நான் இட்லி தின்னேன், டாக்டரம்மா. தின்னுட்டுத் தின்னலன்னு தலையாட்டினேன். அதனாலதான உங்களுக்குத் தெரியல? எம் பாவம்தான் அது."

"இல்லய்யா" என்று டாக்டரம்மா ஆரம்பிப்பதற்குள் மகன் எழுந்துவிட்டான். அவன் பேசியதில் முக்கால்வாசியை இங்கே எழுத முடியாது. "வாசிக்காம கையெழுத்துப் போடுதவளுக்கு எதுக்குட்டி டாக்டர் படிப்பு?" என்று தெருவே கேட்கக் கத்தினான். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா ஸ்வெட்டர் கையைப் பிடித்தபடி, தலையைக் குனியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு தரம் என் பக்கம் திரும்பினார் என்று எனக்கு நினைப்பு. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள், போலீஸ்காரன் வேறு. இதெல்லாம் பிறகு நானே அடுக்கிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் வெறும் பயம், வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும்போது அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை. எப்போதும் போல "அண்ணாச்சி, அடிச்சிட்டியளா?" என்று குரல் கொடுப்பார், வரிக்கு வரி விரல் வைத்து வாசிப்பார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெரியவர் ஐந்து மாதம் இருந்து இறந்துபோனார். மகன் புகார் கொடுத்தான். ஆளைக் கொன்ற டாக்டர் என்று ஊருக்குள் பேச்சானது. ஓனர் நல்லபடியாகவே பேசி டாக்டரம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். கொல்லம் பக்கம் எங்கேயோ இருக்கிறார் என்கிறார்கள். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அழைத்ததில்லை. புதிதாக வந்த டாக்டர் எட்டு நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடித்துவிடுவார். பெஞ்சில் கூட்டம் சேருவதில்லை. எந்த ரிப்போர்ட்டிலும் தெரியவில்லை என்று வருவதுமில்லை.

போன மாதம் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே ஒரு வயதான அம்மாள் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். கண் செருகியிருந்தது. தண்ணீரை முகத்தில் தெளித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது, சுரண்டைப் பெரியவரின் மனைவி. பித்தப்பையில் கல்லா என்று பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன்.

"முந்தாநேத்து ராத்திரி தின்னது தம்பி."

"எட்டு மணி நேரம் போதும் ஆச்சி. யாரு உங்கள இப்படிக் கெடக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கெடந்தேன். அன்னைக்கு நான்தான அவருக்கு இட்லி கொடுத்தேன்? சுகர் இறங்கிருமோன்னு பயந்து, மண்டபத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி நாலு இட்லி. நானே கொன்னுட்டேன். சாகுத வரைக்கும் அவரு இட்லியத் தொடவே இல்ல தம்பி. வீட்ல அவிச்சா மொகத்தத் திருப்பிக்கிடுவாரு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆச்சி, இட்லியால ஒண்ணும் இல்ல. இட்லி தின்னதால அன்னைக்குத் தெரியல, அவ்வளவுதான். தெரியலைன்னு பேப்பர்ல வந்திருந்தா நீங்க திங்கக்கிழமை வந்திருப்பிய. நல்லா இருக்குன்னு அடிச்சது நான். டாக்டரம்மா சொன்னது ஒண்ணு, நான் அடிச்சது ஒண்ணு. முன்னாலயே அடிச்சு வச்சிருந்தேன், அழிக்க மறந்துட்டேன்."

ரிசப்ஷன் பெண் வந்து விளக்கைப் போட்டாள். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"எம் மவன் அந்தப் பிள்ளைய வாசல்ல வச்சு என்ன பேச்சுப் பேசினான்" என்றார். "அத்தனையும் வாங்கிக்கிட்டு நின்னாளே. நீங்களும் அங்கனதான நின்னிய?"

"நின்னேன் ஆச்சி" என்றேன்.